ஆண்ட்ராய்டு செயலியை மாட்யூல்களாகப் பிரித்தால் ஹில்ட்டை எங்கே வைப்பது?

நீங்கள் கேட்டது: செயலியைப் பல மாட்யூல்களாக (தனித்தனியே பில்ட் ஆகும் பகுதிகளாக) பிரிக்கிறோம், எல்லாவற்றுக்கும் பொதுவாக 'காமன்' என்று ஒரு மாட்யூல் வைத்து, ஹில்ட் (கிளாஸ்களுக்குத் தேவையான பொருள்களை உருவாக்கிக் கொடுக்கும் லைப்ரரி) தொடர்பான கோடு முழுவதையும் அதில் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். நாங்கள் போட்டு, பிறகு அதைப் பிரித்தெடுக்கப் பல மாதம் மல்லுக்கட்டினோம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு டெலிவரி செயலி. ஆர்டர், பேமென்ட், புரொஃபைல் என்று திரைவாரியாகப் பிரித்தோம். ஆர்டர் திரையிலிருந்து பணம் கட்டும் திரைக்குப் போக வேண்டும். பணம் கட்டும் திரைக்கோ ஆர்டர் விவரம் வேண்டும். ஆர்டர் பேமென்ட்டை நம்பியிருக்கிறது, பேமென்ட் ஆர்டரை நம்பியிருக்கிறது. இப்படி வட்டமடித்தால் செயலியை பில்ட் செய்யும் கருவியான கிரேடில் ஒப்புக்கொள்ளாது, பில்ட் அங்கேயே நின்றுவிடும். அவசரத்துக்கு இரண்டுக்கும் தேவையானதைத் தூக்கிக் காமனில் போட்டோம். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. காமன் மாட்யூல் என்பது வீட்டுப் பரண். எதை எங்கே வைப்பதென்று தெரியாவிட்டால் மேலே ஏற்றிவிடுவோம். நெட்வொர்க், டேட்டாபேஸ், தேதி மாற்றும் ஃபங்ஷன், ஹில்ட் கோடு என்று எல்லாம் ஏறிவிட்டன. அங்கே ஒரு பொது ஃபங்ஷனின் வடிவத்தை மாற்றினால் போதும், அதைப் பயன்படுத்தும் மாட்யூல்கள் வரிசையாக மறுபடி கம்பைல் ஆகும். பிறகு எதற்குப் பிரித்தோம்?

கடைசியில் கைகொடுத்தது, பேமென்ட்டையே இரண்டாக உடைத்ததுதான். ஒன்று பேமென்ட்-ஏபிஐ. அதில் இன்டர்ஃபேஸும் இரண்டு மூன்று டேட்டா கிளாஸும் மட்டும் இருக்கும், ஹில்ட் வாடையே இருக்காது. இன்னொன்று பேமென்ட்-இம்பிள். திரை, ரெபாசிட்டரி, சர்வருடன் பேசும் கோடு எல்லாம் இதற்குள். இங்கே எழுதும் கிளாஸ்கள் அத்தனைக்கும் 'இன்டர்னல்' போட்டுவிடுங்கள், மாட்யூலுக்கு வெளியே யாரும் தொட முடியாது. இந்த இன்டர்ஃபேஸுக்கு இந்தக் கிளாஸ் என்று 'பைண்ட்ஸ்' மூலம் சொல்லும் ஹில்ட் மாட்யூலும் இங்கேதான் இருக்க வேண்டும். (கிரேடில் மாட்யூல் வேறு, ஹில்ட் மாட்யூல் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவான்களால் எங்கள் டீமில் பாதி விவாதம் குழம்பியது.) இன்டர்னல் போட்டால், ஹில்ட்டுக்கு அடியில் இருக்கும் டேகர் உருவாக்கும் ஜாவா கோடுக்குக் கிளாஸ் தெரியாமல் போகுமோ என்று பயப்பட வேண்டாம். காட்லின் இன்டர்னல் கிளாஸ் பைட்கோடில் பப்ளிக்காகத்தான் இறங்குகிறது.

ஆர்டரையும் இதேபோல் உடைத்தோம். ஆர்டர்-இம்பிள், பேமென்ட்-ஏபிஐயை மட்டும் நம்பும். பேமென்ட்-இம்பிள், ஆர்டர்-ஏபிஐயை மட்டும் நம்பும். வட்டம் அறுந்தது. இம்பிள்கள் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. எல்லா இம்பிளையும் பார்க்கும் உரிமை ஆப் மாட்யூல் ஒன்றுக்குத்தான். இந்த இணைப்புகளையெல்லாம் ஒன்றுசேர்க்கும் தன் காம்பொனன்ட்டை ஹில்ட் கட்டுவதும், அப்ளிகேஷன் கிளாஸ் இருக்கும் அந்த ஆப் மாட்யூலில்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'பைண்ட்ஸ்' மூலம் சொல்லும் ஓர் இணைப்பை, அதாவது ஒரு பைண்டிங்கை மறந்துவிட்டால், அந்த ஃபீச்சர் மாட்யூலைத் தனியே பில்ட் செய்யும்போது எந்தப் பிழையும் வராது. ஆப்பைக் கம்பைல் செய்யும்போதுதான் 'மிஸ்ஸிங் பைண்டிங்' என்று கத்தும். அதனால் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் சிஐயில் (தானாக பில்ட் ஓட்டும் சர்வரில்) ஆப் மாட்யூலையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். ஹில்ட்டுக்குப் பதிலாகக் கோயின் என்ற லைப்ரரியைப் பயன்படுத்தினால் இது இன்னும் மோசம். அங்கே இந்தத் தவறு ஆப் ஓடும்போதுதான் வெடிக்கும், இணைப்புகளைச் சரிபார்க்கும் அதன் 'வெரிஃபை' வைத்து ஒரு டெஸ்ட் எழுதாதவரை.

எல்லாவற்றுக்கும் சிங்கிள்டன் (ஆப் முழுவதற்கும் ஒரே பொருள்) போடும் பழக்கத்தையும் விடுங்கள். சர்வருடன் பேசும் ஓகேஹெச்டிடிபி கிளையன்ட், ரூம் டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு அது சரி; கிளையன்ட் ஒவ்வொன்றும் தனக்கென்று கனெக்‌ஷன் பூல் வைத்துக்கொள்வதால் ஒன்றைப் பகிர்வதுதான் நல்லது. நிலை எதையும் வைத்திராத சின்னக் கிளாஸுக்கு ஸ்கோப்பே வேண்டாம். அனோட்டேஷனைப் படித்துக் கோடு உருவாக்க இன்னமும் பழைய கருவியான கேஏபிடியில் இருந்தால், புதிய கேஎஸ்பிக்கு மாறிவிடுங்கள். டேகர் 2.48 முதல் அதற்கு ஆதரவு உண்டு.

இவ்வளவும் பல பேர் சேர்ந்து எழுதும் செயலிக்குத்தான். ஒரே ஆள், பத்துத் திரை என்றால் ஒரு மாட்யூலுக்குள் பேக்கேஜாகப் பிரித்தாலே தாராளம். ஏபிஐ, இம்பிள் என்று உடைக்கும்போது பில்ட் கோப்புகள் இரண்டு மடங்காகும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

தேவைப்படும்போது மட்டும் இறக்கிக்கொள்ளும் டைனமிக் ஃபீச்சர் மாட்யூல் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே சார்பு தலைகீழ், ஃபீச்சர்தான் ஆப்பை நம்பியிருக்கும். ஆப்பைக் கட்டும் நேரத்தில் ஹில்ட்டுக்கு அந்த ஃபீச்சர் கண்ணிலேயே படாது. ஹில்ட் வைத்திருப்பதை வெளியிலிருந்து எடுக்க ஆப்பில் ஒரு என்ட்ரி பாயின்ட் திறந்துவைத்து, ஃபீச்சருக்குள் டேகர் காம்பொனன்ட்டைப் பழைய முறையில் கையால் கட்ட வேண்டும். நாங்கள் ஒரே ஒரு ஃபீச்சருக்கு அப்படிச் செய்து பார்த்துவிட்டு, அதைச் சாதாரண மாட்யூலாகவே மாற்றிவிட்டோம்.