பருத்திக்கு எந்த உரம், எப்போது? கேள்வி பதில்

ஐயா, செடி நெஞ்சு உயரம் வந்துவிட்டது, கரும்பச்சையாக நிற்கிறது. காய் மட்டும் இல்லை. இன்னொரு மூட்டை யூரியா போடலாமா?

வேண்டவே வேண்டாம். ஏற்கனவே போட்ட யூரியாதான் இப்படிச் செய்திருக்கும். யூரியாவில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் செடி இலையும் கிளையுமாகப் போகும், காய் பிடிப்பது தள்ளிப்போகும், அடிக்காய்கள் காற்றோட்டம் இல்லாமல் அழுகும். இளசான இலை சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும் விருந்து. விதைத்து 80 நாளைத் தாண்டியிருந்தால் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

அடுத்த முறை தழைச்சத்தைப் பிரித்துப் போடுங்கள்: அடியுரத்தோடு ஒரு பங்கு, சப்பை (பூமொட்டு) கட்டும் 45ஆம் நாள் வாக்கில் ஒரு பங்கு, பூ நிறையும் 65ஆம் நாள் வாக்கில் மீதி. ஈரம் இருக்கும்போது போட்டு மண்ணால் மூடுங்கள். மேலே தூவிவிட்டுப் போனால், அதுவும் காரத்தன்மை மிகுந்த களர் மண்ணில், பாதி காற்றோடு போய்விடும்.

இலை சிவக்கிறது அண்ணே. கடையில் மக்னீசியம் அடிக்கச் சொல்கிறார்கள். சரியா?

சரியாக இருக்கலாம். ஆனால் முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, அடியில் பச்சை நிறத் தத்துப்பூச்சி குறுக்காக ஓடினால் அது உரப் பிரச்சினையே இல்லை. அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி சிவப்பாகவும் இருந்தால் மக்னீசியக் குறை. 10 லிட்டர் தண்ணீருக்கு மக்னீசியம் சல்பேட் 100 கிராம், யூரியா 100 கிராம் கலந்து தெளியுங்கள். 50ஆம் நாளும் 80ஆம் நாளும் அடிக்கலாம். சிவந்த இலை திரும்பப் பச்சையாகாது, புதிதாகச் சிவப்பதுதான் நிற்கும்.

பொட்டாஷ் அவசியமா? போட்டாலும் வித்தியாசம் தெரிவதில்லையே.

செடியைப் பார்த்தால் தெரியாது, காயைப் பார்த்தால் தெரியும். பருத்தி சாம்பல்சத்தை (பொட்டாஷ் தரும் பொட்டாசியத்தை) அதிகம் இழுப்பதே காய் திரளும்போதுதான். பற்றாவிட்டால் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகும், காய் அரைகுறையாக வெடிக்கும், பஞ்சு நைந்துபோகும். பொதுவாக இந்தக் குறை அடி இலையில் தொடங்கும். ஆனால் ஒரே நேரத்தில் நிறையக் காய் பிடிக்கிற இப்போதைய ரகங்களில் மேல் இலையிலேயே வருவதுண்டு. அதனால் பலர் நோய் என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி அடிக்கிறார்கள்! மண்ணில் போடத் தவறியிருந்தால் பொட்டாசியம் நைட்ரேட் 2 சதவீதக் கரைசலைக் காய் பருவத்தில் தெளியுங்கள்.

துத்தநாக சல்பேட்டை டிஏபியோடு கலந்து போடலாமா?

கூடாது. டிஏபியில் இருக்கும் மணிச்சத்தோடு (பாஸ்பரஸ்) சேர்ந்து கரையாத உப்பாகிவிடும், செடிக்கு இரண்டும் எட்டாது. துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள்.

டிஏபி தெளித்தால் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்கிறது.

10 லிட்டருக்கு 200 கிராம் என்ற கணக்கில் முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வடிகட்டி எடுங்கள். அடியில் நிற்கும் கசடை டேங்கில் ஊற்றாமல் குப்பைக்குழியில் போட்டுவிடலாம்.