ரிங் ஸ்லிங்குக்குள் பிள்ளை சரிகிறதா?

தங்கச்சி, வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்வருவதற்குள் 2 மாதப் பிள்ளை ரிங் ஸ்லிங்குக்குள் (இரண்டு வளையத்தில் துணியைக் கோர்த்து, பிள்ளையை நெஞ்சோடு சுமக்கும் தூளி) சரிந்து, நாடி நெஞ்சில் முட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். நாடி நெஞ்சோடு மடங்கினால் மூச்சு அடைபடும், சத்தமே வராது. நாடிக்குக் கீழே எப்போதும் 2 விரல் இடைவெளி வேண்டும்.

வளையத்திலிருந்து தொங்கும் துணியின் வாலை மொத்தமாகப் பிடித்து இழுக்கிறீர்கள் போல. நானும் முதலில் அப்படித்தான். பிள்ளையின் பாரத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு என்று பிரித்துப் பிரித்து இறுக்குங்கள். வளையங்கள் தோளுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். பிள்ளை நிமிர்ந்து, தவளை மாதிரி முழங்கால் உயர்ந்து இருக்கவேண்டும். குனிந்தால் உச்சியில் கொஞ்ச முடிகிறதா? அப்படியென்றால் உயரம் சரி. முகம் எப்போதும் தெரியட்டும், தலைப்பால் மூடவேண்டாம்.

சேலையில் தைத்ததென்றால் பட்டும் பொலியஸ்டரும் வளையத்தில் வழுக்கும், பருத்திதான் நல்லது. இந்தக் கொழும்புப் புழுக்கத்துக்கு உள்ளே மெல்லிய சட்டை ஒன்று போதும். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் வெளியே எடுங்கள்.

பிறகு ஒன்று, நிறை குறைந்து பிறந்த பிள்ளையென்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டே கட்டுங்கள்.