ஒய்15-ஆ, மாமாவின் இஎக்ஸ்5-ஆ?

கேள்வி: அண்ணே, எனக்கு 19 வயது. ஊர் நிபோங் திபால். பினாங்கில் முதலாம் ஆண்டு படிக்கிறேன், சுங்கை டுவாவில் நண்பர்களோடு வாடகை வீடு. எஸ்டிபிஎம் முடித்த பிறகு பேரங்காடியில் வேலை செய்து சேர்த்த 3,200 வெள்ளி (ரிங்கிட்) கையில் இருக்கிறது. சீனியர் ஒருவர் தன் யமாஹா ஒய்15-ஐ 'சம்போங் பாயார்' முறையில், அதாவது அவருடைய கடன் தவணையை நான் தொடர்ந்து கட்டும் ஏற்பாட்டில், தருகிறேன் என்கிறார். முதலில் 1,500, பிறகு மாதம் 265, இன்னும் 30 மாதம். மாலையில் உணவு டெலிவரி ஓட்டிக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். அம்மாவோ மாமாவின் ஹோண்டா இஎக்ஸ்5-ஐ 2,800-க்கு எடுத்துக்கொள் என்கிறார். சொந்தத்துக்குள் பெயர் எல்லாம் மாற்ற வேண்டாம் என்றும் சொல்கிறார். எனக்கு அது அங்கிள் மோட்டார் மாதிரி தெரிகிறது. அப்பா எதுவுமே வேண்டாம் என்கிறார். என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கான 'எல்' லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், சுங்கை டுவா

பதில்: தம்பி, அந்த ஒய்15-ஐ விட்டுவிடு. மோட்டாரில் குறை ஒன்றும் இல்லை, 150சிசி, ஐந்து கியர், உன் வயதில் யாருக்கும் கண் அதன்மேல் போகத்தான் செய்யும். அது உன் கைக்கு வரும் வழிதான் சரியில்லை.

சம்போங் பாயார் நம் நாட்டில் ஏதோ அங்கீகாரம் பெற்ற வியாபாரம் மாதிரி நடக்கிறது, ஃபேஸ்புக்கைத் திறந்தால் வரிசையாக விளம்பரம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1967-ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டப்படி கடன் கட்டி முடிக்கும்வரை வண்டி கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் சொந்தம். உன் சீனியர் அதை ஓட்டலாம், ஆனால் நிறுவனத்துக்குத் தெரியாமல் இன்னொருவருக்குக் கைமாற்றினால் அது குற்றம். நிறுவனத்தின் சம்மதத்தோடு தவணையை உன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதுதான், ஆனால் அதற்குச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஜாமீன் கேட்பார்கள், உன்னிடம் இரண்டும் இல்லை. அதனால்தான் 'நமக்குள்ளே முடிச்சிக்கலாம்' என்று வருகிறது.

சரி, நமக்குள்ளே முடித்துக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். நீ மாதாமாதம் 265 வெள்ளியைச் சீனியர் கணக்கில் போடுகிறாய். அவர் அதை நிறுவனத்துக்குக் கட்டினாரா என்று உனக்கு எப்படித் தெரியும்? தொடர்ந்து இரண்டு தவணை விட்டுப்போனால் நோட்டீஸ் வரும், அது அவர் வீட்டு முகவரிக்குப் போகும், 21 நாளில் பாக்கியைக் கட்டவில்லை என்றால் மோட்டாரை வந்து இழுத்துக்கொண்டு போகலாம். நீ வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வண்டி நின்ற இடம் காலியாக இருக்கும். போலீசில் போய் என்ன சொல்லுவாய், என் மோட்டார் என்றா? திருடு போனாலும் இதே கதைதான். காப்பீட்டுப் பணம் முதலில் கடன் பாக்கிக்குப் போகும், மிஞ்சினால் சீனியருக்கு, உனக்கு ஒரு காசு வராது. ஒய்15-ம் எல்சி135-ம் திருடர்களுக்கு எவ்வளவு பிடித்தமானவை என்பது உன் வாடகை வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். உன் சீனியர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நல்ல பையனாகவே இருக்கட்டும். நல்ல பையனுக்கும் வேலை போகும், கைபேசி எண் மாறும், சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போவான்.

ஒரு கணக்கும் போட்டுப் பார். 265-ஐ 30-ஆல் பெருக்கினால் 7,950, முதலில் கொடுக்கும் 1,500-ஐச் சேர்த்தால் 9,450 வெள்ளி. இந்தப் பணத்தில் கடையிலிருந்து புத்தம்புதிய கப்சாய் (இஎக்ஸ்5 மாதிரி சின்ன மோட்டார்) ஒன்றைச் சொந்தப் பெயரில் எடுத்துவிட்டு மிச்சத்தில் நல்ல ஹெல்மெட்டும் வாங்கலாம். நீயோ இவ்வளவு கொடுத்துவிட்டு, கடைசி மாதம் சீனியரைத் தேடிப்பிடித்து 'அண்ணே, பெயர் மாத்திக் கொடுங்க' என்று கெஞ்ச வேண்டிய நிலையில் நிற்பாய்.

டெலிவரி ஓட்டிக் கட்டுவது என்பதை நான் நம்பவில்லை. உழைக்க மாட்டாய் என்பதற்காகச் சொல்லவில்லை, தேர்வு வாரத்திலும் மழை வாரத்திலும் 265 வெள்ளி அதே தேதியில் வந்து நிற்கும். இன்னொன்று, சொந்த உபயோகத்துக்கு எடுத்த சாதாரண மோட்டார் காப்பீடு கூலிக்குப் பொருள் கொண்டுபோகும்போது நடக்கும் விபத்துக்குக் கை கொடுக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. பின்னாளில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்குரிய காப்பீட்டையும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பையும் எடுத்துவிட்டு ஓட்டு. இந்த வருடம் படி.

இப்போது மாமாவின் மோட்டார். அங்கிள் மோட்டார் என்கிறாய். அந்த அங்கிள்கள் எல்லாம் ஏன் அதையே ஓட்டுகிறார்கள் என்று யோசித்தாயா? கிளட்ச் பிடி கிடையாது, காலால் கியர் மாற்றினால் போதும், சாலை நெரிசலில் கை வலிக்காது. லிட்டருக்கு 50 கிலோமீட்டரை ஒட்டி ஓடும். 2025 செப்டம்பர் கடைசியில் வந்த பூடி95 திட்டத்தில் பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்குத் தருகிறார்கள், மைகாட் அடையாள அட்டையும் செல்லுபடியாகும் லைசென்சும் இருக்கிற குடிமக்களுக்கு. சுமார் நாலு லிட்டர் பிடிக்கும் டேங்க்கை நிரப்ப எவ்வளவு ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். சாமான் கெலுகோரிலும் கிடைக்கும், நிபோங் திபாலிலும் கிடைக்கும், கெடாவில் ஏதோ ஒரு கம்பத்து மோட்டார் கடையிலும் கிடைக்கும். சாலை வரி வருடத்துக்கு 2 வெள்ளி. இதில் ஒய்15-க்கும் இஎக்ஸ்5-க்கும் வித்தியாசம் இல்லை, 150சிசி வரைக்கும் ஒரே கட்டணம்தான், அதை மறைத்து உன்னை ஏமாற்ற மாட்டேன்.

ஆனால் அம்மா சொல்வதில் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயர் மாற்ற வேண்டும். மாமாவாக இருந்தாலும் சரி, தாத்தாவாக இருந்தாலும் சரி. நீ சிவப்பு விளக்கில் போனால் சம்மன் மாமா பெயரில் வரும், யார் மீதாவது இடித்துவிட்டால் முதலில் மாமா வீட்டுக்குத்தான் ஆள் வரும். இன்னொரு பக்கம், வருடா வருடம் விபத்தில்லாமல் ஓட்டினால் காப்பீட்டில் கழிவு கிடைக்கும் இல்லையா, மோட்டார்சைக்கிளுக்கு முதல் வருடம் 15 விழுக்காடு, அப்புறம் 20, அப்புறம் 25. வண்டி மாமா பெயரில் இருந்தால் அந்தக் கழிவும் மாமா கணக்கில்தான் சேரும், நீ மூன்று வருடம் பத்திரமாக ஓட்டியதற்கு உன் பெயரில் ஒன்றும் இருக்காது. ஆகவே மாமாவும் நீயும் ஒரு நாள் காலையில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்துக்குப் போய் முடித்துவிடுங்கள். பழைய சம்மன் ஏதாவது பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்கச் சொல். அம்மாவிடம், மாமாவுக்குத் தொல்லை வரக்கூடாது என்றுதான் மாற்றுகிறேன் என்று சொல்லிப் பார், உடனே சம்மதிப்பார்.

மாமா மோட்டார் என்பதற்காகப் பார்க்காமல் வாங்காதே. காலையில், எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போதே போ, முதல் நாலைந்து உதையில் எழுந்துகொள்கிறதா பார். எக்சாஸ்டில் நீலம் கலந்த புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம், எஞ்சினைப் பிரிக்கும் செலவு வரும். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, செயின் ஓடும் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்து கூர்மையாகிவிட்டனவா, நடு ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தை இரு பக்கமும் ஆட்டினால் ஆடுகிறதா, இவற்றைப் பார்த்துக்கொள். கெரானில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இருக்கும் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பவையும் ஒன்றாக இருக்க வேண்டும், இது மாமாவுக்கும் பொருந்தும், அவர் யாரிடமிருந்து வாங்கினாரோ. டயரின் பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தால் விலையில் கழி. ஓட்ட ஆரம்பித்த பிறகு 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெய் மாற்று, செயினுக்கு எண்ணெய் போடு, அது போதும், கடைக்காரர் சொல்லும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. எக்சாஸ்டை மட்டும் சத்தம் போடுவதாக மாற்றாதே, சுங்கை டுவாவில் ராத்திரி தூங்குகிற மனுஷர்களும் இருக்கிறார்கள், சம்மனும் வரும்.

லைசென்சுக்கு வருவோம். 'எல்' வைத்துக்கொண்டு பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, நண்பன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. மோட்டார்சைக்கிளுக்கான பி2 பயிற்சியை ஓட்டுநர் பள்ளியில் முடித்து 'பி' என்ற சோதனைக் கால லைசென்சுக்கு வந்துவிடு, 250சிசி வரை அது போதும். குடும்ப வருமானம் குறைவு என்றால், போக்குவரத்து அமைச்சு மைலெசென் என்ற பெயரில் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு பி2 எடுக்க உதவி செய்து வந்திருக்கிறது, இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று விசாரி. 'பி' இரண்டு வருடம். அதற்குள் 10 தவற்றுப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா வேண்டாம் என்பதை நீ ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டாய். நான் போக மாட்டேன். இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் போனவர்கள், அவர் பயப்படுவதற்கு முழுக் காரணம் இருக்கிறது. 'ஒன்றும் ஆகாதுப்பா' என்றால் அவருக்கு இன்னும் பயம் வரும். அவர் மனதில் ஓடுவது அனேகமாக நீ இருக்கும் தீவையும் ஊர் இருக்கும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம்தான். நீ வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பினால் நீ போகக்கூடிய ஒரு வழி பாயான் லெப்பாஸ் தாண்டி பத்து மாவுங், அங்கிருந்து இரண்டாவது பாலத்தில் பத்து கவான். 24 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி கடல்மேல், பக்கவாட்டுக் காற்று அடித்தால் இஎக்ஸ்5 மாதிரி இலேசான வண்டியைத் தள்ளும், மழை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஒதுங்கி நிற்க நல்ல இடமும் இல்லை. 2019-லிருந்து இரண்டு பாலத்திலும் மோட்டார்சைக்கிளுக்கு டோல் இல்லை என்பதால் எல்லோரும் அதில்தான் போகிறார்கள், நீயும் ஒருநாள் போகலாம். முதல் மூன்று மாதம் வேண்டாம். அதுவரை மோட்டாரைத் தீவுக்குள்ளேயே வைத்துக்கொள், வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஓட்டு, மழையில் ஓட்டிப் பழகு. ஊருக்குப் போக ஜார்ஜ்டவுனில் ஃபெரி ஏறி பட்டர்வொர்த், அங்கே பினாங்கு சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில், நிபோங் திபாலில் இறங்கலாம். மோட்டாரையும் கொண்டுபோக வேண்டும் என்று வந்தால் அந்த ஃபெரியிலேயே ஏற்றலாம், 2023-இல் வந்த புதுப் படகுகளில் கார் ஏறாது, மோட்டார்சைக்கிளும் சைக்கிளும் ஏறும். மறு கரையிலிருந்து நிபோங் திபால் வரை தூரம்தான், ஆனால் தரைமேல். இந்த மூன்று மாத ஏற்பாட்டை அப்பாவிடம் நேரில் சொல், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

ஹெல்மெட் மாமாவுடையதை வாங்காதே. பழையது வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் நுரை எப்போது அடி வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. சிரிம் தர முத்திரை உள்ள புதியதை, தலையில் போட்டு ஆட்டினால் ஆடாத அளவில் எடு, கழுத்துப் பட்டையைக் கட்டு (கட்டாமல் தலையில் வைத்துக்கொண்டு போகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் புரிவதில்லை, அது எதற்கு?). நம் ஆட்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போடுவதைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், நீ அப்படியே போடு, வெயிலுக்கும் தூறலுக்கும் அதைவிட வசதி இல்லை. ஆனால் பெருமழைக்குச் சட்டையும் காற்சட்டையுமாக இருக்கும் மழைக்கோட்டு தனியாக இருக்கட்டும். பூட்டு இரண்டு வாங்கு, ஒன்று சக்கரத்துக்கு, இன்னொன்று தூணோடு சேர்த்துக் கட்டும் சங்கிலி. பழைய இஎக்ஸ்5-ஐ யார் திருடுவார்கள் என்று நினைக்காதே, சாமானுக்காக அதையும் திருடுவார்கள். வளாகத்துக்குள் நிறுத்த ஸ்டிக்கர் வேண்டுமா, முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் தருகிறார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே பாதுகாப்புப் பிரிவில் கேட்டுவிடு.

இப்போது உன் 3,200. மாமாவுக்கு 2,800-ஐத் தூக்கிக் கொடுத்தால் மீதி 400-இல் பி2 கட்டணம், காப்பீடு, பெயர் மாற்றம், ஹெல்மெட், மழைக்கோட்டு, பூட்டு எல்லாம் அடங்காது, ஏதாவது ஒன்றில் கை வைப்பாய், அனேகமாக லைசென்சில். ஆகவே மோட்டாருக்கு 2,000-க்கு மேல் இப்போது போகக்கூடாது. மாமாவிடம் நேராகப் பேசு, 2,000 இப்போது, மீதி 800 மாதம் 100 என்று எட்டு மாதம். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதே, முதல் 2,000 கொடுக்கும் அன்றே ஜேபிஜே-யில் முடியட்டும், பாக்கியை நீ கட்டுவாய் என்று அம்மா பொறுப்பு ஏற்றுக்கொள்ளட்டும். டயர் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்றித் தரச் சொல்லிக் கேள், தங்கை மகனுக்கு அந்த அளவுக்கு இறங்கி வருவார்.