டோஸ் எவ்வளவு, அளந்தது எப்படி? மரபணு சிகிச்சைக் கட்டுரை எழுதுவோர் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இளம் ஆய்வாளர்கள் எழுதியவை. ஆய்வு முடிந்திருக்கிறது, கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. எங்கே அனுப்புவது, எதைச் சேர்ப்பது, திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன். வெக்டர் (மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் ஊர்தி, பெரும்பாலும் மாற்றியமைத்த வைரஸ்) பற்றிய பதில் நீண்டுவிட்டது. அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கல்லீரலைக் குறிவைக்கும் ஏஏவி (அடினோ சார்ந்த வைரஸ்) வெக்டரைச் சுண்டெலிகளில் சோதித்திருக்கிறேன். இம்பாக்ட் ஃபாக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) அதிகமுள்ள இதழில் தொடங்கி, ஒவ்வொன்றாக இறங்கி வரலாம் என்கிறார் என் வழிகாட்டி. சரியா?

பதில்: அப்படி இறங்கி வருவதிலேயே ஓராண்டு கரைந்துவிடும். உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இதழின் பெயர் அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இந்தத் துறைக்கென்றே இதழ்கள் உண்டு. 1990இல் தொடங்கிய ஹியூமன் ஜீன் தெரபி, 1994இல் வந்த ஜீன் தெரபி, அமெரிக்க மரபணு மற்றும் உயிரணு சிகிச்சைச் சங்கத்தின் இதழான மாலிகுலர் தெரபி, ஜர்னல் ஆஃப் ஜீன் மெடிசின் ஆகியவை முக்கியமானவை. மாலிகுலர் தெரபிக்குத் துணை இதழ்களும் இருக்கின்றன. வெக்டர் தயாரிப்பு, அளவீட்டு முறை, மனித சோதனைக்கு முந்தைய பாதுகாப்பு ஆய்வு போன்றவற்றுக்கு அதன் மெத்தட்ஸ் அண்ட் கிளினிக்கல் டெவலப்மென்ட் பொருத்தமான இடம். தேர்ந்தெடுத்த இதழில் கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் பத்தையாவது படியுங்கள். சுண்டெலியோடு நின்ற ஆய்வுகளை ஏற்கிறார்களா, பெரிய விலங்குகளையும் எதிர்பார்க்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். அது எல்லா இதழ்களிலும் விதிமீறல்.

கேள்வி: அனுப்பிய நான்காம் நாளே, மதிப்பாய்வுக்குக்கூடப் போகாமல் கட்டுரை திரும்பிவிட்டது. ஆய்வு அவ்வளவு மோசமா?

பதில்: அப்படிப் பொருள் கொள்ள வேண்டாம். நான்கு நாளில் ஆசிரியர் பார்த்திருக்கக்கூடியவை தலைப்பு, சுருக்கம், முகப்புக் கடிதம், படங்கள். உங்கள் முகப்புக் கடிதத்தையும் அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். 'தங்கள் மதிப்புமிக்க இதழில்' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடுகிறது. என்ன கண்டுபிடித்தீர்கள் என்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது. அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். இதுவரை தெரிந்தது எது, நீங்கள் புதிதாகக் காட்டியது எது, அது இந்த இதழின் வாசகர்களுக்கு ஏன் வேண்டும் என்று மூன்று நான்கு வாக்கியங்கள் போதும்.

கேள்வி: "வெக்டர் பற்றிய தகவல் போதாது" என்று இரண்டு மதிப்பாய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். "சுண்டெலிகளுக்கு 10¹² ஏஏவி8 செலுத்தப்பட்டது" என்று தெளிவாகத்தானே எழுதியிருக்கிறோம்?

பதில்: அந்த வாக்கியத்தைப் படித்து வேறொரு ஆய்வகம் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடியுமா? முடியாது.

10¹² என்றால் எதில் 10¹²? வெக்டர் ஜீனோமா (மரபணு ஏறிய துகள்களின் எண்ணிக்கை), தொற்றும் அலகா (உயிரணுவுக்குள் நுழைந்து வேலை செய்பவற்றின் எண்ணிக்கை)? ஒரு சுண்டெலிக்கா, ஒரு கிலோ உடல் எடைக்கா? 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு 10¹² வெக்டர் ஜீனோம் செலுத்தினால் அது கிலோவுக்கு 5×10¹³ ஆகிறது. கிலோவுக்கு 10¹² என்பதுதான் கணக்கு என்றால், அந்தச் சுண்டெலிக்குள் போனது வெறும் 2×10¹⁰. இரண்டுக்கும் 50 மடங்கு வித்தியாசம். மருந்தின் அளவில் 50 மடங்கை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுவதை எந்த மதிப்பாய்வாளராலும் ஏற்க முடியாது.

அடுத்தது, அந்த எண் எப்படி வந்தது என்பது. எங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலிருந்து எடுத்த ஒரே வெக்டர் குழாயை இரண்டு மாணவர்கள் தனித்தனியே பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் முறை) அளந்தார்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை. பிப்பெட்டைச் சந்தேகித்தோம், பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மாற்றினோம், ஒரு வாரம் போனது. கடைசியில் பார்த்தால், ஒருவர் திட்ட வளைவுக்கு (தெரிந்த அளவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) நொதியால் வெட்டி நேராக்கிய பிளாஸ்மிட்டைப் (வட்ட வடிவ டிஎன்ஏ) பயன்படுத்தியிருந்தார், மற்றவர் முறுக்குச் சுருளாக இருந்ததை அப்படியே பயன்படுத்தியிருந்தார். சுருண்ட பிளாஸ்மிட் சரியாகப் பெருகாது. அதை அளவுகோலாக வைத்தால் வெக்டரின் டைட்டர் (செறிவு) உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இரண்டு மாணவர்களும் தவறாமல் வேலை செய்தவர்கள். ஆனால் கட்டுரையில் 'பிசிஆர் மூலம் அளக்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாடு வெளியே யாருக்கும் தெரியவே தெரியாது.

ஆகவே, பிரைமர் எந்தப் பகுதியில் ஒட்டுகிறது, திட்ட வளைவுக்கு எதைப் பயன்படுத்தினீர்கள், அளவிடும் முன் வெளியே மிதக்கும் டிஎன்ஏவை நொதி கொண்டு அகற்றினீர்களா, எத்தனை முறை அளந்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். அளவீட்டுப் பிசிஆருக்கு 2009இல் வெளியான எம்ஐக்யூஇ வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன, டிஜிட்டல் பிசிஆருக்கும் தனியாக உண்டு. அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் எதுவும் விடுபடாது. ஏஏவி2, ஏஏவி8 என்ற இரண்டு ஏஏவி வகைகளுக்கும் பொதுத் தரப்பொருள்கள் உள்ளன. அவற்றோடு ஒருமுறை ஒப்பிட்டு அளந்து, அந்த எண்ணையும் தந்தால் உங்கள் டைட்டரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வெற்று உறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே மரபணு இல்லாத உறைகளும் தயாரிப்பில் கலந்தே வரும். வெக்டர் ஜீனோம் எண்ணிக்கை சமமாக இருக்கும் இரண்டு தயாரிப்புகளில், ஒன்றில் புரத உறை பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். நோய் எதிர்ப்பு மண்டலம் சந்திப்பது அந்த உறைகளைத்தான். நிரம்பியவை எவ்வளவு, வெற்று எவ்வளவு, அதை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் பார்த்தீர்களா, மின்னணு நுண்ணோக்கியிலா என்று குறிப்பிடுங்கள். சுத்திகரிப்பு முறை, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) அளவு, புரொமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி), ஜீனோம் ஒற்றை இழையா தன்நிரப்பு வகையா (தானே இரட்டை இழையாக மடிவது), செலுத்திய வழி, கன அளவு ஆகியவற்றுக்குத் தலா ஒரு வரி போதும். பிளாஸ்மிட்டின் முழு வரிசையைப் பின்னிணைப்பில் கொடுங்கள்.

விலங்குகளின் பாலினத்தையும் விட்டுவிட்டீர்கள். சுண்டெலிக் கல்லீரலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏஏவி ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆண்களில் பல மடங்கு அதிகமாக வெளிப்படும், காரணம் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். ஒரு குழுவில் ஆண் கூடுதல், இன்னொன்றில் பெண் கூடுதல் என்று இருந்தால், நீங்கள் காட்டும் வித்தியாசம் வெக்டருடையதா பாலினத்துடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. விலங்கு ஆய்வுக்கான அரைவ் வழிகாட்டி நெறிகளும் பாலினத்தைக் குறிப்பிடச் சொல்கின்றன.

கேள்வி: அதிக டோஸ் கொடுத்த குழுவில் கல்லீரல் நொதிகள் கடுமையாக ஏறின, ஒரு விலங்கு இறந்தும் போனது. கதை குழம்பாமல் இருக்க அந்தக் குழுவையே எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

1999 செப்டம்பர் 17 அன்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில் அடினோவைரஸ் வெக்டர் செலுத்தப்பட்ட ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்தார். அவருக்கு வயது 18. முந்தைய சோதனைகளில் குரங்குகள் இறந்திருந்த தகவல், அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் இல்லை என்பது பின்னர் வெளிவந்தது. அந்த ஆய்வு நடந்த மையத்துக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் வில்சன். 2018இல் அவருடைய குழு ஹியூமன் ஜீன் தெரபியில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கிலோவுக்கு 2×10¹⁴ வெக்டர் ஜீனோம் என்ற உயர்ந்த டோஸில் ஏஏவி செலுத்தப்பட்ட குரங்குகளிலும் பன்றிக்குட்டிகளிலும் கண்ட கடுமையான நச்சு விளைவுகளைப் பற்றியது அது. சிறு எண்ணிக்கையிலான விலங்குகள்தான். ஆனாலும், உயர் டோஸ் ஏஏவியை மனிதர்களுக்குக் கொடுக்கத் திட்டமிட்ட ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டியிருந்தது.

உங்கள் ஒரு விலங்கின் மரணம் இன்னொரு ஊரில் டோஸ் முடிவு செய்யும் மருத்துவருக்குத் தேவைப்படும். எந்த நாளில் என்ன அறிகுறி, நொதி எண்கள், திசு ஆய்வில் கண்டது ஆகிய அனைத்தையும் முடிவுகள் பகுதியிலேயே வையுங்கள், பின்னிணைப்பில் புதைக்க வேண்டாம். கட்டுரையின் தலைப்பே மாற வேண்டியிருந்தாலும் மாறட்டும்.

கேள்வி: எங்கள் ஆய்வில் நான்கு நோயாளிகள்தான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை எந்த இதழ் எடுத்துக்கொள்ளும்?

பதில்: அரிய நோய்களில் எண்ணிக்கை சிறிதாகத்தான் இருக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் லென்டிவைரஸ் வெக்டர் கொண்டு நடந்த ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) மரபணு சிகிச்சை ஆய்வில் பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அது வெளிவந்தது. நான்கு பேரின் சராசரியைப் போட்டு நிறுத்திவிடாமல், ஒவ்வொருவரின் போக்கையும் தனித்தனிக் கோடாகக் காட்டுங்கள்.

உங்கள் ஆய்வு முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐயில் (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவானதா என்று உடனே பாருங்கள். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் அது கட்டாயம். பின்னால் பதிவு செய்ததை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணும், ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2019 தேசிய மரபணு சிகிச்சை வழிகாட்டி நெறிகள் கேட்கும் அனுமதிகளும் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.

நீங்கள் இணைத்த வரைவில் ஒன்று என்னை மிகவும் உறுத்தியது. நோயாளியின் வயது, மாவட்டம், அத்தை மகளை மணந்த பெற்றோர், இறந்துபோன இரண்டு அண்ணன்கள் என்று வம்ச வரைபடத்தோடு எல்லாம் இருக்கிறது. பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் அந்த வட்டாரத்தில் யாராவது படித்தால், அது எந்த வீடு என்று அந்த நிமிடமே சொல்லிவிடுவார்கள். மாவட்டத்தை எடுத்துவிடுங்கள், வயதை வரம்பாகக் கொடுங்கள், வரைபடத்தில் ஆய்வுக்குத் தேவையில்லாத கிளைகளை நீக்குங்கள். சிகிச்சைக்கு வாங்கிய ஒப்புதல் வேறு, வெளியிடுவதற்கான ஒப்புதல் வேறு. இரண்டாவதைத் தனியாக, அவர்களுக்குப் புரியும் மொழியில் வாங்குங்கள்.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) படத்தில் பின்னணியைக் கொஞ்சம் வெளுப்பாக்கலாமா?

பதில்: முழுப் படத்துக்கும் ஒரே அளவில் செய்தால், எந்தப் பட்டையும் மறையாமல் இருந்தால், செய்யலாம். ஒரு மூலையை மட்டும் தொட்டாலே தவறு. இரண்டு ஜெல்களிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்தில் கோடு போட்டு விளக்கக் குறிப்பில் சொல்லுங்கள். வெட்டாத மூலப் படங்களை இன்றே ஒரு கோப்புறையில் சேர்த்து வையுங்கள். பல இதழ்கள் அவற்றைக் கேட்கின்றன, இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

கேள்வி: பின்னிணைப்பு அட்டவணையில் மரபணுக்களின் இடத்தில் தேதிகள் வந்திருப்பதாக மதிப்பாய்வாளர் எழுதியிருக்கிறார். புரியவில்லை.

பதில்: எக்செல் செய்த வேலை. செப்ட்2, மார்ச்1 போன்ற பெயர்களை அது தேதி என்று எடுத்துக்கொண்டு செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிவிடும். இந்தத் தொல்லை பெருகியதால், மனித மரபணுப் பெயரிடும் குழு 2020இல் அவற்றுக்குச் செப்டின்2, மார்ச்எஃப்1 என்று புதுப் பெயர்களைப் பரிந்துரைத்தது. புதிய பெயர்களைப் பயன்படுத்துங்கள். கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பிளாஸ்மிட் கொடுத்தவர், துறைத் தலைவர் ஆகியோரின் பெயர்களைக் கட்டுரையாளர் வரிசையில் சேர்க்கச் சொல்கிறார்கள். மொழியைத் திருத்த ஏஐ செயலியையும் பயன்படுத்தினேன்.

பதில்: மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்தால்தான் கட்டுரையாளர். பிளாஸ்மிட் கொடுத்ததற்கு நன்றியுரையில் இடம் உண்டு. துறைத் தலைவர் என்ற பதவி மட்டும் போதாது. அவரிடம் இதை நேரில் சொல்வது இளையவர்களுக்கு எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். இதழின் பங்களிப்புப் படிவத்தை முன்னால் வைத்து, "ஐயா, உங்கள் பங்களிப்பாக எதை எழுதட்டும்?" என்று பணிவாகக் கேளுங்கள்.

ஏஐ செயலி கட்டுரையாளர் ஆக முடியாது. பயன்படுத்தியதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அது தந்த ஒவ்வொரு மேற்கோளையும் மூலக் கட்டுரையைத் திறந்து சரிபாருங்கள், இல்லாத கட்டுரைகளை அது உருவாக்கித் தருவதுண்டு.

கேள்வி: காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணமும் இருக்கிறது. பிரீபிரிண்ட் (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் இடும் வடிவம்) போட்டுவிட்டு இதழுக்கு அனுப்பலாமா?

பதில்: காப்புரிமை விண்ணப்பம் முதலில். பயோஆர்க்கைவ் போன்ற பிரீபிரிண்ட் தளத்தில் பதிவேற்றுவதும் வெளியீடுதான். வெளியானபின் ஐரோப்பாவில் புதுமை போய்விடும், அமெரிக்கா போன்ற சில நாடுகளில் ஓராண்டு அவகாசம் உண்டு. இந்தியாவில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டு, முழு விவரக்குறிப்பை 12 மாதங்களுக்குள் கொடுக்கலாம்.

கேள்வி: இரண்டாம் மதிப்பாய்வாளர் குரங்குகளில் திரும்பச் செய்யச் சொல்கிறார். எங்களிடம் அந்த வசதியே இல்லை. விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். கேட்டதையெல்லாம் செய்தாக வேண்டும் என்று விதி இல்லை, ஆனால் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தாக வேண்டும். அவருடைய கருத்துகளை எண்ணிட்டு அப்படியே எடுத்தெழுதி, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பதிலையும், திருத்தம் எந்தப் பக்கம் எந்த வரியில் இருக்கிறது என்பதையும் கொடுங்கள். குரங்கு ஆய்வு பற்றி, வசதியில்லை என்று மட்டும் எழுதினால் பதில் பலவீனமாகிவிடும். உங்கள் முடிவு சுண்டெலிக் கல்லீரலைப் பற்றியது மட்டுமே என்றால், குரங்கு இல்லாமலே அது நிற்கும் என்று காரணத்தோடு சொல்லுங்கள். கூடவே, சுருக்கத்தின் கடைசி வரியில் "மனிதர்களில் பயன்தரும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அவர் குரங்கைக் கேட்டதே அந்த வரியால்தான் என்று நினைக்கிறேன்.