சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் சிங்கப்பூர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளாமல் சிங்கப்பூர் எப்படிக் காலம் தள்ளுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டு பேரிடமும் அது அவ்வப்போது முறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. மதில்மேல் பூனை என்று பலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2016 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். தைவானில் பயிற்சி முடிந்து, சிங்கப்பூர் ராணுவத்தின் 9 டெரெக்ஸ் கவச வாகனங்கள் சரக்குக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தன. வழியில், சீனாவின் பகுதியான ஹாங்காங்கின் சுங்கத்துறை அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது. தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீன அரசு, அதோடு ராணுவத் தொடர்பே கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. சிங்கப்பூர் கூச்சல் போடவில்லை. பயிற்சியை நிறுத்துகிறோம் என்று சொல்லவும் இல்லை. ஓர் அரசின் உடைமையை வேறு யாரும் பறிமுதல் செய்ய முடியாது என்ற சட்ட வாதத்தையே திரும்பத் திரும்ப வைத்தது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஹாங்காங் தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். 2017 ஜனவரி இறுதியில் வாகனங்கள் வந்து சேர்ந்தன.

சரி, அமெரிக்காவிடம்? 1983-ல் அமெரிக்கா கிரெனடாவில் படையை இறக்கியபோது, அதைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. அதே அமெரிக்காவின் கப்பல்களும் விமானங்களும் தன் தளங்களைப் பயன்படுத்த 1990-ல் ஒப்பந்தமும் போட்டது. அப்புறம் 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் அதன்மீது தடை விதித்தது. பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் படையோடு புகக் கூடாது என்பதில் நண்பன், வேண்டாதவன் என்று ஆள் பார்க்கவில்லை. அதனால்தான் கோபப்படுகிறவர்களும் 'இவர்கள் எதிரணிக்குப் போய்விட்டார்கள்' என்று முடிவுகட்டுவதில்லை.

வெறும் கொள்கைப் பேச்சு மட்டும் போதாது. 1967 முதல் கட்டாய ராணுவச் சேவை இருக்கிறது. சரக்கு வர்த்தகத்தில் சீனா முதலிடம், அந்நிய முதலீட்டில் அமெரிக்கா முதலிடம். உறவை முறித்தால் அவர்களுக்கும் நஷ்டம்.

எனக்குக் கவலை தருவது செமிகண்டக்டர் (மின்னணுச் சில்லு) விவகாரம். அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போடுகிறது, சீனா பதிலுக்குத் தானும் கட்டுப்பாடு போடுகிறது, சிங்கப்பூர் நிறுவனங்களுக்கோ இரண்டு சந்தையும் வேண்டும். படையெடுப்பு என்றால் ஐ.நா. சாசனத்தைக் காட்டிப் பேசலாம். இதில் அப்படிக் காட்ட ஒரு பொது விதி இன்னும் உருவாகவில்லை.