பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: என் லேப்டாப் 2015-ல் வாங்கியது. ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது, 11 இதில் ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். யூடியூப், மெயில், பேத்தியோடு வீடியோ கால், அவ்வப்போது தமிழில் கட்டுரை எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. வேறு வழி உண்டா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பலூர்*

பதில்: உண்டு டீச்சர். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. அதற்காக, நன்றாக ஓடுகிற லேப்டாப்பை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது, உங்கள் வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகையைப் போடச் சொல்லுங்கள். 4 ஜிபி ரேமுக்கு அதுதான் ஏற்றது.

விண்டோஸை உடனே அழிக்க வேண்டாம். மின்ட்டை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் திறந்து பார்க்கலாம். ஆன் செய்ததும் எஃப்12 தட்டுங்கள், சில கம்பெனி லேப்டாப்களில் எஃப்9. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும்போது பென்டிரைவைக் காட்டுங்கள். நீங்களாக இன்ஸ்டால் கொடுக்காதவரை ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். பென்டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால், போட்டோக்களையும் ஃபைல்களையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளுங்கள். கையோடு ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டுவிட்டால் நல்லது. பழைய மெஷினுக்குச் செய்யும் செலவில் உருப்படியான செலவு அதுதான்.

அப்புறம் தமிழ். மின்ட்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக வந்துவிடும். நிறைய எழுதுகிற உங்களுக்கு இது பிடிக்கும் டீச்சர்.

கேள்வி: லினக்ஸைக் காசே வாங்காமல் கொடுக்கிறார்கள் என்றாலே சந்தேகமாக இருக்கிறது. நம் தகவலை எடுத்துக்கொள்வார்களோ?
*வங்கி ஊழியர், ராமநாதபுரம்*

பதில்: சந்தேகப்படுவது நல்லதுதான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் தொடங்கி வைத்த வேலை இது. இன்று இதில் நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்த நிறுவனங்களின் சர்வர்களும் கருவிகளும் ஓட லினக்ஸ் வேண்டும், அதனால் செலவு செய்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான். நிரல் திறந்தே கிடப்பதால் யாரும் படித்துச் சோதிக்கலாம். அதற்காகக் குறையே இருக்காது என்று சொல்லமாட்டேன், அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். அதிகாரபூர்வ தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள்.

கேள்வி: பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில் ‘பாஸ்’ என்று ஒரு லினக்ஸ் இருந்தது. எங்கள் வகுப்பில் யாருமே அதைத் திறந்து பார்க்கவில்லை. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் லினக்ஸில்தான் படிக்கிறார்களாமே, நம்மால் ஏன் முடியவில்லை?
*தனியார் நிறுவன ஊழியர், ஒசூர்*

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கியது, அந்த வேலை நடந்ததும் நம் சென்னையில். தமிழிலேயே மெனு வரும். அந்த லேப்டாப்களோடு என் சர்வீஸ் கடைக்கு வந்த பிள்ளைகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “ஆன் பண்ணினா கறுப்பா ஒரு லிஸ்ட் வருதுண்ணே, அதை எடுத்துடுங்க.” எதைத் திறப்பது என்று கேட்கிற பட்டியல் அது. எடுப்பதற்கு முன் நான் பாஸைத் திறந்து, தமிழில் மெனுவைக் காட்டுவேன். “இதெல்லாம் இருக்கா?” என்று உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் எடுக்க வேண்டாம் என்றே கொண்டு போனார்கள்.

கேரளத்தில் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கினார்கள், இப்போது அதன் பெயர் கைட். அவர்கள் மென்பொருளை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிறகு பாடப்புத்தகம், ஆய்வகம், பத்தாம் வகுப்பு ஐடி தேர்வு எல்லாம் லினக்ஸில். கணக்கு டீச்சரே ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் வட்டம் வரைந்து காட்டினால் பிள்ளைக்கு அது ‘புது சாஃப்ட்வேர்’ என்றே தோன்றாது. நம் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலிலும் உபுண்டு என்ற லினக்ஸும், இலவச ஆபீஸ் மென்பொருளான ஓப்பன் ஆபீஸும் வந்தன. ஆனால் அது கணினிப் பிரிவு எடுத்தவர்களுக்கு மட்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் போக வேண்டும், அதற்கு முன்னால் எல்லா ஆசிரியர்களுக்கும் போக வேண்டும். கூட உட்கார்ந்து காட்ட ஆள் இல்லாததுதான் நம் குறை.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால், சென்னையில் ஐஎல்யுஜிசி, காஞ்சிபுரத்தில் காஞ்சிலக் என்று லினக்ஸ் குழுக்கள் உண்டு. ‘கணியம்’ என்ற இணைய இதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழில் எழுதி இலவசமாகத் தருகிறது.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர், கோரல்டிரா, டேலி, பாமினியில் அடித்த பழைய ஃபைல்கள். நானும் மாறிவிடலாமா?
*கடை உரிமையாளர், சிவகாசி*

பதில்: வேண்டாம் ஐயா, முழுதாக மாறாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று மென்பொருளுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. அங்கே படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் எல்லாம் நல்லவை, ஆனால் கல்யாண சீசனில் கற்றுக்கொள்ளக் கூடாது. பத்திரிகை அடிக்கிற மெஷினையும் டேலி மெஷினையும் அப்படியே விடுங்கள்.

வாடிக்கையாளர்கள் கண்ட கண்ட பென்டிரைவைச் செருகுகிற கவுன்டர் மெஷின் ஒன்று இருக்குமே, அதை மட்டும் லினக்ஸுக்கு மாற்றுங்கள். ஃபோல்டரையெல்லாம் ஷார்ட்கட்டாக்குகிற விண்டோஸ் வைரஸ் அதில் ஓடாது. பாமினி எழுத்துருவை அதில் சேர்த்துவிட்டால், அந்த எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைலை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளிலேயே படித்துவிடலாம். ஒன்று மட்டும் முக்கியம்: சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் சரியாக அமையாது. டீச்சருக்குச் சொன்னபடி பென்டிரைவிலிருந்து திறந்து, ஒரு பக்கம் பிரிண்ட் வந்த பிறகே ஏற்றுங்கள்.