வானத்துக்குப் போறவங்களுக்குக் காட்டுல என்ன வேலை?

கே: காசிமேட்டில் மீன் விற்கிறேன் சார். மகன் எட்டாவது படிக்கிறான். இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் வீரர்களை ரஷ்யாவில் பனிக்காட்டில் விட்டுப் பழக்கினார்கள் என்று படித்துவிட்டு, 'வானத்துக்குப் போறவங்களுக்குக் காட்டுல என்ன வேலை?'ன்னு கேட்கிறான். என்ன சொல்ல? – வாசகி, காசிமேடு

ப: நல்ல கேள்வி கேட்டிருக்கிறான் அம்மா. நானும் உங்கள் குப்பத்துப் பக்கம் பிறந்தவன்தான். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா போன படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. தெண்டி வெள்ளம், அதாவது தெற்கிலிருந்து வரும் நீரோட்டம், வடக்கே இழுக்க, இரண்டு ராத்திரி கழித்துப் பழவேற்காட்டுக்காரர்கள் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஒரு கேன் தண்ணீர், பாலிதீனில் சுற்றிய தீப்பெட்டி, போர்த்திக்கொள்ளக் கிழிந்த பாய்த்துணி. மூன்று உயிரைக் காப்பாற்றியது அவ்வளவுதான்.

விண்கலமும் நினைத்த இடத்தில் இறங்காமல் போகும். 1965 மார்ச்சில் முதன்முதலாக விண்வெளியில் நடந்த சோவியத் வீரர் லியோனவும் அவருடன் போன பெல்யாயெவும் திரும்பும்போது தானியங்கிக் கருவி வேலை செய்யவில்லை. கையால் இயக்கி இறக்கினார்கள். இலக்கைத் தாண்டி சுமார் 386 கிலோமீட்டர் தள்ளி, ரஷ்யாவின் பெர்ம் பகுதியின் அடர்ந்த பனிக்காட்டில் வந்து விழுந்தார்கள். ஹெலிகாப்டர் கண்டுபிடித்துவிட்டது, மரங்களுக்கு நடுவே இறங்கத்தான் இடமில்லை. உடைக்குள் தேங்கிய வியர்வை உறைந்துவிடும் என்று, அந்தக் குளிரில் துணியை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார் லியோனவ். இரண்டு ராத்திரி காட்டிலேயே கழிந்தது. பிறகு மீட்க வந்தவர்களோடு பனிச்சறுக்குக் கட்டையில் போய்த்தான் ஹெலிகாப்டர் ஏறினார்கள்.

அதனால்தான் ககன்யானுக்குத் தேர்வான நம் நால்வரையும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, 2020 பிப்ரவரியில் பனிக்காட்டிலும் சதுப்பிலும் பழக்கினார்கள். பாராசூட் துணியையும் மரக்கிளையையும் வைத்துக் கூடாரம் போடுவது, ஈர விறகில் தீ மூட்டுவது, அடிபட்டவரைச் சுமப்பது, மேலே பறப்பவருக்குச் சைகை காட்டுவது. கடலில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் தனிப் பயிற்சி. அதுதான் எனக்குக் கடினமாகப் படுகிறது. ஆடும் கலத்துக்குள், கை நீட்ட இடமில்லாமல், ஒவ்வொருவராக விண்வெளி உடையைக் கழற்றி நீர்ப்புகா உடைக்கு மாற வேண்டும். புழுக்கத்தில் குமட்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் குதிப்பது.

கே: என் மகளுக்கு நீச்சல் தெரியாது. விண்வெளி வீராங்கனை ஆக முடியுமா? – வாசகர், எண்ணூர்

ப: கற்றுக்கொண்டால் முடியும். நாசாவில் பயிற்சியின் தொடக்கத்திலேயே விமானி உடையும் ஷூவும் போட்டுக்கொண்டு 25 மீட்டர் குளத்தை மூன்று முறை நீந்த வேண்டும். பத்து நிமிடம் மூழ்காமல் மிதக்கவும் வேண்டும். நம் ககன்யான் கலமும் கடலில்தான் இறங்கும். 2014 டிசம்பரில் வங்கக் கடலில் விழுந்த இஸ்ரோவின் ஆளில்லாச் சோதனைக் கலத்தைக் கடலோரக் காவல் படை மீட்டு உங்கள் எண்ணூர்த் துறைமுகத்தில்தான் கரை சேர்த்தது. 2023 அக்டோபரில் விழுந்த இன்னொரு சோதனைக் கலம் தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்தது. நாளை உள்ளே ஆள் இருப்பார்கள்.

உங்கள் பக்கத்துக் கடலில் மட்டும் பழக்காதீர்கள். மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது, அங்கே அழைத்துப் போங்கள்.